ஐ7 இருக்க ஐ3 எதற்கு?

வெள்ளவத்தையில் கணக்கீட்டு அலுவலகம் நடத்தும் வாசகர் ஒருவர், தமது மேசைக் கணினி பற்றிக் கேட்டிருக்கிறார். அதில் இருப்பது இன்டெல் கோர் ஐ7-2600. மாத இறுதியில் எக்செல் மெக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) ஓடும்போது கணினி திணறுகிறது. ஆனால் டாஸ்க் மனேஜரில் புரொசசரின் பாவனை 13 வீதத்தைத் தாண்டுவதில்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விசாரித்தபோது கோர் ஐ3-12100க்கு மாறச் சொன்னார்களாம். இரண்டிலும் நான்கு கோர் (கணக்கிடும் அலகு), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைப் பாதை); அடிப்படை வேகம் பழையதில் 3.4, புதியதில் 3.3 கிகாஹேர்ட்ஸ். "ஐ7ஐக் கழற்றிவிட்டு ஐ3க்குக் காசு கொடுப்பது இறங்குமுகம் அல்லவா?" என்பது அவரது கேள்வி.

இல்லை. ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் வழங்கப்படும் படிநிலைகள் மட்டுமே. தலைமுறையைச் சொல்வது அடுத்து வரும் எண்: 2600 என்பது 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை, 12100 என்பது 2022இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை. பாவித்த கணினிகளை விற்பவர்கள் 'ஐ7' என்று பெரிதாக ஒட்டிவிட்டு இந்த எண்ணைச் சொல்லாமல் விடுவது தற்செயலானதன்று.

கிகாஹேர்ட்ஸ் என்பது புரொசசர் வினாடிக்கு எத்தனை நூறு கோடி தடவை துடிக்கிறது என்ற கணக்கு. அதை மட்டும் வைத்து இரண்டு புரொசசர்களை ஒப்பிடுவது, அகப்பை எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணிவிட்டு அகப்பையின் அளவைப் பாராமல் விடுவது போன்றது. பென்டியம் 4இன் வேகத்தை 4 கிகாஹேர்ட்ஸுக்கு உயர்த்தும் திட்டத்தை இன்டெல் 2004இல் கைவிட்டது. 2006இல் அதே நிறுவனம் வெளியிட்ட 2.4 கிகாஹேர்ட்ஸ் கோர் 2 டுவோ, 3.6 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் டியைப் பின்தள்ளியது. அன்று முதல் முன்னேற்றத்தின் பெரும்பகுதி, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதிலேயே நடந்து வருகிறது.

உங்கள் இரண்டு புரொசசர்களிலும் அதைத் தெளிவாகக் காணலாம். பழையது ஒரு துடிப்பில் பொதுவாக நான்கு கட்டளைகளைப் பிரித்தறியும், புதியது ஆறு. ஒரு கட்டளை தரவுக்காகக் காத்திருக்கும்போது, வரிசையில் பின்னால் நிற்பவற்றுள் செய்யக்கூடியவற்றை முன்கூட்டியே செய்து வைப்பதற்குப் பழையதில் 168 இடங்கள்தான் உண்டு, புதியதிலோ 512. ஒவ்வொரு கோருக்கும் அருகிலுள்ள இரண்டாம் நிலைக் கேஷ் (தரவை உடனடியாக எடுக்க உதவும் சிறு நினைவகம்) 256 கிலோபைட்டிலிருந்து 1.25 மெகாபைட்டாகியிருக்கிறது. உச்ச வேகமும் 3.8இலிருந்து 4.3 கிகாஹேர்ட்ஸாக உயர்ந்துள்ளது. இவையெல்லாம் சேர்ந்து, ஒரே த்ரெட்டில் நடக்கும் வேலையில் புதிய ஐ3ஐப் பழைய ஐ7ஐவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகமுடையதாக்குகின்றன.

அந்த 13 வீதத்துக்கு வருவோம். எக்செல் மெக்ரோ ஒரே த்ரெட்டில்தான் ஓடும். எட்டு த்ரெட்டில் ஒன்று முழுமையாக நிரம்பினால், மொத்தத்தில் அது எட்டில் ஒரு பங்காக, அதாவது 12.5 வீதமாகவே தெரியும். ஆகவே உங்கள் புரொசசர் சும்மா இருக்கவில்லை; மெக்ரோவுக்குப் பயன்படக்கூடிய ஒரேயொரு பாதை அடைத்துக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மனேஜரில் வரைபடத்தின் மீது வலது சொடுக்கி, ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனிக் கட்டத்தில் காட்டும் தெரிவை எடுத்துப் பாருங்கள். வேலை ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடும் என்பதால், ஒரே கட்டம் விடாமல் நிரம்பியிருக்க வேண்டும் என்றில்லை.

செலவழிக்கும் முன் அதே திரையில் டிஸ்க் பகுதியையும் கவனிக்க வேண்டும். அது 100 வீதத்தில் ஒட்டிக்கொண்டு, கணினியில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், முதல் குற்றவாளி அதுதான். ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) போட்டாலே கோப்பு திறக்கும் நேரம் வெகுவாகக் குறையும், மதர்போர்டையும் மாற்றத் தேவையில்லை. மெக்ரோ கணக்கிடும் நேரம் மட்டும் அதனால் பெரிதாகக் குறையாது.

வேகத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. இன்டெல் வரிசையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தே விண்டோஸ் 11 முறைப்படி ஆதரிக்கிறது. வாடிக்கையாளரின் வருமான விவரங்களை வைத்திருக்கும் அலுவலகத்தில், பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்காத கணினியைத் தொடர்ந்து பாவிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனவே மாறுங்கள் என்பதே என் ஆலோசனை. மதர்போர்டும் சேர்ந்தே மாற வேண்டும், ஏனெனில் பழையதன் சொக்கெட் (புரொசசர் பொருந்தும் இடம்) 1155, புதியதன் சொக்கெட் 1700. பழைய வகையான உங்கள் டி.டி.ஆர்.3 ரேமும் பொருந்தாது. 16 கிகாபைட் வாங்குவதானால் 8 கிகாபைட் துண்டுகள் இரண்டாக வாங்குங்கள், ஒற்றைத் துண்டில் நினைவகத்தின் தரவுப் பாதை பாதியாகிவிடும். பெயரின் முடிவில் 'எஃப்' எழுத்துள்ள 12100எஃப் சற்று மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாததால் தனிக் கார்ட் இன்றித் திரையில் படம் வராது.

இயன்றால் உங்கள் மெக்ரோ கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய், கடையிலுள்ள ஐ3-12100 கணினியில் ஓட்டி, எடுக்கும் நேரத்தை உங்கள் கணினியின் நேரத்துடன் ஒப்பிடுங்கள். வாடிக்கையாளர்களின் பெயர்களையும் உண்மையான தொகைகளையும் மாற்றிய பிரதியாக அது இருக்கட்டும்.