"உன் பழைய கோட் அவ்வளவுதான்": மருமகளுக்கு வழி உண்டா?

கேள்வி: தஞ்சாவூரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேத்தியைப் பார்த்துக்கொள்ள லாஸ் ஏஞ்சலிஸ் வந்து நான்கு மாதம் ஆகிறது. என் மருமகள் கறுப்பினப் பெண், தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் எழுத்தாளர். மூன்று சீசனாக அவளை 'ஸ்டாஃப் ரைட்டர்' என்ற கடைசிப் படியிலேயே வைத்திருக்கிறார்கள். அவளோடு ஒரே நாளில் சேர்ந்த வெள்ளைக்காரப் பையன் இரண்டு படி ஏறிவிட்டான். வாரத்துக்கு 3,000 டாலருக்கு மேல் கூடுதலாக வாங்குகிறான். அவனே வாய் தவறிச் சொன்னது இது. கேட்டால், "உன் பழைய கோட் அவ்வளவுதான்" என்கிறார்கள். "இதே எழுத்தாளர் அறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் ஒரு கறுப்பின ஆணுக்கும் பதவி உயர்வு கொடுத்திருக்கிறோமே, பாரபட்சம் எங்கே?" என்றும் கேட்கிறார்களாம். ஏஜென்டோ, "பேசாமல் இரு, பேர் கெட்டுவிடும்" என்கிறார். அவளுக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் எழுதுவதை நான் படித்துச் சொல்கிறேன்.

பதில்: அம்மா, மருமகள்களைப் பற்றிப் புகார் சொல்லி மாமியார்கள் எழுதிய கடிதங்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. மருமகளுக்காக வாதாடி வந்த கடிதம் இதுதான் முதல். வழி உண்டு. அவர் வேலை பார்ப்பது கலிபோர்னியாவில் என்பது பாதி பலம்.

முதலில் அந்தக் 'கோட்' (quote) என்ன என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் வழக்கின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. ஹாலிவுட்டில் ஒருவர் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்குத்தான் கோட் என்று பெயர். அடுத்த வேலைக்குப் பேரம் பேசும்போது அந்தத் தொகையில் ஆரம்பித்து, மேலே கொஞ்சம் போட்டுக் கொடுப்பார்கள். குறைவாகத் தொடங்கியவர் கடைசிவரை குறைவாகவே வாங்கிக்கொண்டிருப்பார். நடிகை தராஜி பி. ஹென்சன், 2008இல் வெளிவந்த ஒரு பெரிய படத்துக்கு ஐந்து லட்சம் டாலர் கேட்டு, கடைசியில் ஒன்றரை லட்சத்துக்கு நடித்ததைத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். அந்த வேடத்துக்குத்தான் அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 15 ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில், இதே சம்பளப் பேச்சில் அவர் ஒரு பேட்டியில் அழுதே விட்டார்.

ஊர் வழக்கம் அப்படி இருந்தாலும், கலிபோர்னியா சட்டம் அந்த வழக்கத்தைக் கைகழுவி ஆண்டுகள் ஆகின்றன. வேலைக்கு வருபவரிடம் முந்தைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று 2018 ஜனவரி முதல் தடை இருக்கிறது. சம்பள வித்தியாசத்துக்கு முந்தைய சம்பளத்தைக் காரணமாகக் காட்ட முடியாது என்று சமஊதியச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, "உன் பழைய கோட் அவ்வளவுதான்" என்று சொன்னவர் தன் தரப்பு வாதத்தைத் தானே உடைத்துக்கொண்டிருக்கிறார். அதே வாசகம் எழுத்தில் கிடைத்தால் தங்கம். இன்னொன்று: யாரும் கேட்காமல் நாமாகவே சொன்ன தொகையை அடுத்த முதலாளி சம்பளம் நிர்ணயிக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அதனால் தன் பழைய சம்பளத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஏஜென்டிடம் இன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

அந்தச் சமஊதியச் சட்டம் 1949இலிருந்து இருக்கிறது. ஆண், பெண் வித்தியாசத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அது 2017 முதல் இனத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. இரண்டு பேர் செய்வதும் அச்சு அசலாக ஒரே வேலையாக இருக்க வேண்டியதில்லை. திறமை, உழைப்பு, பொறுப்பு மூன்றையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒத்திருந்தால் போதும். முதலாளி மனதில் வஞ்சகம் இருந்தது என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. வித்தியாசத்தைக் காட்டினால் போதும். அதற்கு நியாயமான காரணம் சொல்லும் சுமை அவர்களுடையது. சொல்கிற காரணம் 3,000 டாலரையும் விளக்க வேண்டும், ஆயிரத்தை மட்டும் விளக்கிவிட்டு நழுவ முடியாது. ஜெயித்தால் இதுவரை குறைத்துக் கொடுத்த தொகை, வட்டி, அதே அளவு இன்னொரு பங்கு, வக்கீல் செலவு எல்லாம் வரும்.

கூட்டாட்சிச் சட்டம் வேறு மாதிரி. ஒப்பந்தங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குப் போட்டால், இனம் என்ற ஒன்று இல்லாதிருந்தால் இந்த நட்டமே நேர்ந்திருக்காது என்று நிரூபிக்க வேண்டும். கறுப்பினத் தொலைக்காட்சி முதலாளி பைரன் ஆலனின் நிறுவனம், காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 2020 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அப்படிச் சொல்லிவிட்டது. அந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்போம், ஆனால் முதலில் தட்ட வேண்டியது கலிபோர்னியாக் கதவைத்தான்.

இனி நம் பக்கத்து ஓட்டையையும் சொல்ல வேண்டும். அந்தப் பையனுக்குப் பதவிப் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறதா, இல்லை படப்பிடிப்புத் தளத்துக்குப் போவது, எடிட்டிங்கில் உட்காருவது என்று வேலையும் மாறியிருக்கிறதா? வேலை மாறியிருந்தால் சம்பள வழக்கு மெலிந்துவிடும். அப்போது பதவி உயர்வு மறுப்பு என்ற இன்னொரு வழக்காக அதைக் கொண்டுபோக வேண்டும். எந்தெந்த அத்தியாயத்தை யார் எழுதியது, கதையை அத்தியாயங்களாகப் பிரிக்கும்போது அறையில் யார் என்ன செய்தது என்று மூன்று சீசனுக்கும் அவர் ஒரு பட்டியல் போட்டு வைக்கட்டும்.

"வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் கறுப்பின ஆணுக்கும் கொடுத்தோமே" என்ற வாதம் பழைய சரக்கு. 1976இல் செயின்ட் லூயிஸில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் மீது போட்ட வழக்கில் அது பலித்தது. பெண்களை எடுத்திருக்கிறார்கள், அதனால் பால் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால், அதே நிறுவனத்தின் மீது ஏற்கெனவே இருக்கும் இன்னொரு இன வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள் என்பதையும், கறுப்பர்கள் ஆண்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. இரண்டு நாற்காலிக்கு நடுவில் அந்தப் பெண்கள் விழுந்தார்கள். இந்தத் தீர்ப்பை முன்வைத்துத்தான் சட்டப் பேராசிரியை கிம்பர்லே கிரென்ஷா 1989இல் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். இனமும் பாலும் சேர்ந்த பாகுபாட்டைத் தனியாகவே ஒரு பாகுபாடாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரி முதல் கலிபோர்னியா சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. சம்பள வழக்கிலோ அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒப்பிடுவது வெள்ளைக்கார ஆணோடு. மற்ற இருவர் ஏறியது இவருக்குப் பதில் ஆகாது.

பேர் கெட்டுவிடும் என்ற பயத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆஸ்கர் வாங்கிய நடிகை மோனிக்குக்கே அந்தக் கதி. மேடை நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றுக்கு நெட்ஃபிளிக்ஸ் ஐந்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னதையும், மற்ற நகைச்சுவைக் கலைஞர்களுக்குக் கோடிக்கணக்கில் கொடுப்பதையும் அவர் 2018இல் வெளியே சொன்னார். 2019 நவம்பரில் வழக்குப் போட்டார். குறைத்துத் தர முன்வந்தது மட்டும் அல்ல குற்றச்சாட்டு. பாகுபாடு என்று வாய் திறந்த பிறகு வழக்கமாகப் பேசும் பேரத்தையே பேசாமல் விட்டார்கள், அது பழிவாங்கல் என்பதும்தான். வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய 2020 ஜூலையில் நீதிமன்றம் மறுத்தது. 2022இல் சமாதானம் ஆனது. 2023இல் அவருடைய நிகழ்ச்சி அதே நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. வேறு நிறுவனம் ஒன்று சத்தமில்லாமல் கூப்பிடாமல் விட்டால் அதை நிரூபிப்பது கடினம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இப்போதைய முதலாளியின் கையையோ சட்டம் கட்டி வைத்திருக்கிறது. சம்பளப் புகார் கொடுத்த 90 நாளுக்குள் வேலையை விட்டு நீக்கினாலோ தண்டித்தாலோ, அது பழிவாங்கல்தான் என்று சட்டமே முதலில் வைத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர்கள் பாடு. 2024 முதல் இது நடைமுறை. இந்தப் பாதுகாப்பு பிடிமானமாக நிற்க, புகாருக்குத் தேதி வேண்டும். அதனால் வாய்ப்பேச்சு போதாது. "இன்னாரோடு ஒத்த வேலை செய்கிறேன், சம்பளம் குறைவு, இனமும் பாலும் காரணம் என்று நம்புகிறேன், சரிசெய்யுங்கள்" என்று நான்கு வரி மின்னஞ்சல், மனிதவளத் துறைக்கு. கோபம் வேண்டாம், அடைமொழி வேண்டாம்.

அந்தப் பையன் சம்பளத்தைச் சொன்னதில் யாருக்கும் குற்றம் இல்லை. ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவதைத் தடுக்கும் ஒப்பந்த வரி இங்கே செல்லாது.

எழுத்தாளர் சங்கத்தையும் அழைக்கட்டும், ஆனால் சங்க ஒப்பந்தம் குறைந்தபட்சத் தொகையைத்தான் காக்கும். அதற்கு மேலே நடக்கும் பேரத்துக்கு இந்தச் சட்டங்கள்தான் துணை. ஒப்பந்தத்தில் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்; இருந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் அங்கே போக வேண்டியிருக்கும். சம்பள வழக்குக்குக் காலக்கெடு 3 ஆண்டு, ஆனால் குறைவாக வந்த ஒவ்வொரு சம்பளமும் புதுத் தவறு என்பதால் மூன்று சீசனும் கையை விட்டுப் போய்விடவில்லை.

ஒப்பந்தங்கள், சம்பளச் சீட்டுகள், அந்தப் பட்டியல் மூன்றோடும் அவரை என்னிடம் பேசச் சொல்லுங்கள். அலுவலகத்தில் கொடுத்த மடிக்கணினியிலிருந்து எனக்கு எழுத வேண்டாம், சொந்தத் தொலைபேசியிலிருந்து கூப்பிடட்டும்.