நகையை அடகு வைத்து வாங்க வேண்டிய சீட் அல்ல அது

காசிமேட்டிலிருந்து பேசிய அம்மாவுக்கு,

பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். எடை 96 கிலோ. மாநில பாக்ஸிங் போட்டியில் பதக்கம் வாங்கியிருக்கிறான், படிப்பு சுமார். பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டு, நகையை அடகு வைக்கச் சொல்கிறார். பையனோ பிரிட்டன் ஹெவிவெயிட் பாக்ஸர் ஆண்டனி ஜோஷுவா மாதிரி நேராக ப்ரொஃபஷனல் பாக்ஸிங்குக்குப் போகிறேன் என்கிறான். யார் சொல்வது சரி என்று கேட்டீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பலாம். ஆனால் இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

நகை பீரோவிலேயே இருக்கட்டும். கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிற பையனை நாலு வருஷம் அந்த வகுப்பில் உட்கார வைத்தால் அரியர்தான் சேரும். வட்டி கட்டப் போவது நீங்கள், பெரியப்பா அல்ல. ‘நாலு பேர் கேட்டால் இன்ஜினியரிங் என்று சொல்லலாமே’ என்கிறாராம். அந்த நாலு பேர் கல்யாணப் பந்தியில் ஐந்து நிமிஷம் கேட்பார்கள், அப்புறம் பாயசத்துக்குப் போய்விடுவார்கள்.

இப்போது பையனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஜோஷுவா 18 வயதில்தான் கிளவுஸ் போட்டார். ப்ரொஃபஷனலாக மாற 50,000 பவுண்டு தருகிறோம் என்று வந்தபோது வேண்டாம் என்றார். 2011 உலக அமெச்சூர் போட்டியில், அதாவது பணத்துக்கு இல்லாமல் பதக்கத்துக்கு ஆடுகிற போட்டியில், வெள்ளி. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் தங்கம். அதற்குப் பிறகுதான், 2013-ல், ப்ரொஃபஷனல் ரிங்கில் ஏறினார். 2016-ல் உலக சாம்பியன். அமெச்சூராக இருந்த காலத்தில் அவருடைய பயிற்சிக்குப் பின்னால் பிரிட்டனின் தேசிய லாட்டரிப் பணம் இருந்தது. உங்கள் பையனுக்குப் பின்னால் இருப்பது உங்கள் சம்பளம் மட்டும்தான். ப்ரொஃபஷனல் என்றால் மாதச் சம்பளம் கிடையாது. சண்டை நடந்தால் காசு, அதிலும் மேனேஜருக்குப் பங்கு. 18 வயதில் யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? வேலையோடு அமெச்சூர் பாக்ஸிங். சதீஷ் குமாரைப் பாருங்கள். 2008-ல் ராணுவத்தில் சேர்ந்தார், கையில் கிளவுஸ் ஏறியதே அங்கேதான். ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய சூப்பர் ஹெவிவெயிட், அதாவது உச்ச எடைப் பிரிவு பாக்ஸர், அவர்தான். டோக்கியோவில் முகத்தில் தையலோடு கால் இறுதியில் இறங்கினார். குத்து வாங்கிய மாதமும் சம்பளம் வந்தது.

உங்களுக்கு அதைவிடப் பக்கத்தில் ரயில்வே இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வாசலைத் தாண்டித்தான் பாதி வடசென்னை போய்வருகிறது. ஆனால் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கிற அதன் ஸ்போர்ட்ஸ் கோட்டா எப்படி நடக்கிறது என்று கேட்டால், ‘ஆள் தெரியணும் சார்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். உண்மையில் நடப்பது இதுதான்: எழுத்துத் தேர்வு கிடையாது. பதக்கங்களுக்கு 50 மதிப்பெண், நேரில் ரிங்கில் ஏற்றிப் பார்க்கும் ட்ரையலுக்கு 40, படிப்புக்கு 10. வயது 18 முதல் 25 வரை, எந்தப் பிரிவினருக்கும் தளர்வு இல்லை. பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில்: நடப்பு நிதியாண்டு, அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டு, இவற்றில் வாங்கிய பதக்கம்தான் கணக்கில் வரும். பிளஸ் ஒன்னில் வாங்கிய சான்றிதழை லேமினேட் செய்து வைத்து 23 வயதில் நீட்டினால் செல்லாது. அங்கீகாரம் பெற்ற போட்டியா என்றும் பார்ப்பார்கள். பாக்ஸிங் என்றால் எந்த எடைப் பிரிவில் ஆள் வேண்டும் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுவார்கள். ஒரு வருஷம் ஹெவிவெயிட் கேட்பார்கள், அடுத்த வருஷம் கேட்க மாட்டார்கள். அதனால் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று நிற்காமல், எல்லா ரயில்வே மண்டலங்களின் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். ஹூப்ளியோ கோரக்பூரோ, கிடைத்தால் போகட்டும்.

அதுவரை டிகிரி. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலும் பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம் பற்றி விசாரியுங்கள். வரலாறோ பி.காமோ, அவனுக்கு எது பிடிக்கிறதோ அது. அதை அவன்தான் சொல்ல வேண்டும், பெரியப்பா அல்ல. டிகிரி இருந்தால்தான் பிற்பாடு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.-ல் பாக்ஸிங் கோச் டிப்ளமோவுக்கும் விண்ணப்பிக்க முடியும். சின்னப் பையன்களுக்குப் பஞ்ச் சொல்லிக் கொடுப்பதில் அவனுக்கு ஆசை என்று நீங்கள் போகிறபோக்கில் சொன்னீர்களே, நான் குறித்துக்கொண்டது அதைத்தான்.

எடையைப் பற்றி ஒன்று. இப்போதைய அமெச்சூர் விதிப்படி 90 கிலோவைத் தாண்டினால் மேல் எல்லை கிடையாது. 96 கிலோப் பையன் 115 கிலோ ஆளோடு நிற்க வேண்டி வரும். 90-க்கு இறங்குவதா, அங்கேயே நிற்பதா என்பதைக் கோச்சும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். பட்டினி கிடந்து இறங்குவது கூடாது. காசிமேட்டில் இருந்துகொண்டு புரோட்டீன் டப்பாவுக்குக் காசு கொடுப்பானேன்? மீனும் முட்டையும் போதும். டப்பாவில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால் ‘தெரியாது சார்’ என்பது ஊக்கமருந்துச் சோதனையில் எடுபடாது. தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை கூடக் கிடையாது. அடுத்த வாரம் போட்டி இருக்கிறது என்று யார் வந்து கெஞ்சினாலும் அனுப்பாதீர்கள்.

பெரியப்பா அந்த சீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் ரசீதோடு இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள். நாள் போகப்போகப் பிடித்தம் கூடும். விண்ணப்பத்தோடு கொடுத்த அசல் மதிப்பெண் பட்டியலையும் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். கலைக் கல்லூரியில் சேர அது வேண்டும்.