கருக்கலைப்புக்குக் கணவரின் கையெழுத்து கட்டாயமா?

இல்லை. பதிவு பெற்ற மருத்துவர், சட்டம் அனுமதித்த காரணத்துக்காகக் கர்ப்பத்தை முடித்துவைப்பதே மருத்துவக் கருக்கலைப்பு. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதமே அதற்குப் போதும். அந்தச் சம்மதத்தைப் பதிவு செய்யும் ‘சி’ படிவத்தில் கணவர் கையெழுத்திட இடமே கிடையாது. சிறுமிக்கும் மனநலம் பாதிக்கப்பட்டவருக்கும் மட்டும் பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும்.

வங்கிக் கணக்கில் கணவர் நாமினியாக இருக்கலாம். பணம் எடுக்கும் சீட்டில் கணக்குக்குரியவரின் கையெழுத்துதானே செல்லும்? அப்படித்தான் இதுவும்.

பிறகு மருத்துவமனைகளில் ஏன் கணவரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள்? நாளை குடும்பத்தார் சண்டைக்கு வருவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தின் விலையைப் பெண்தான் கொடுக்கிறாள். சென்னை காசிமேட்டில் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போன கணவர் கரை திரும்பப் பல நாட்களாகும். கர்ப்பத்தின் வாரக்கணக்கு காத்திருக்காது. 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் சொல்வது இது: 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், 20 முதல் 24 வரை சில பிரிவினருக்கு மட்டும், இரு மருத்துவர்களின் கருத்தோடு. மணமாகாதவர்களை இதிலிருந்து ஒதுக்கக்கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு இதற்கெனத் தனி அனுமதி தேவையில்லை. பெண்ணின் விவரங்களை வெளியிடுவது தண்டனைக்குரியது.

ஸ்கேன் மையப் பலகையில் ‘சட்டப்படி குற்றம்’ என்றிருப்பது கருவின் பாலினத்தைக் கண்டறிவதை, கருக்கலைப்பை அல்ல.