முகம் உப்புகிறதே, ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். 7 வயது மகனுக்குச் சளிக்காய்ச்சல் வந்து, அது சரியாகிப் பத்தாம் நாள், எழுப்பினாலும் எழாமல் தூங்கினான். நடை தள்ளாடியது, சிறுநீர் இறங்கவில்லை. எம்.ஆர்.ஐ. பார்த்து ஏ.டி.இ.எம். (மூளை, தண்டுவட அழற்சி) என்றார்கள். ஐந்து நாள் ஊசி போட்டதும் தேறிவிட்டான். மாத்திரை இன்னும் நான்கு வாரம் பாக்கி. முகமெல்லாம் உப்பிவிட்டது, நிறுத்தலாமா? இது மூளைக்காய்ச்சலா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும்போது, சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் வாந்தி, சோர்வு, ரத்த அழுத்தம் சரிவது என்று பிள்ளை துவண்டுபோவான். அடங்கிய அழற்சியும் மறுபடி கிளம்பலாம். அதனால்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். மருந்து முடிந்தபின் உப்பிய முகம் தானாக வடியும். அதுவரை அப்பளம், ஊறுகாய், இனிப்பைக் குறையுங்கள்.

மூளைக்காய்ச்சல் என்ற பயம் நம் பக்கத்தில் பழையது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே 1955இல், அன்றைய வட ஆற்காடு மாவட்ட வேலூரில்தான். அதில் கொசு கொண்டுவரும் வைரஸே மூளையைத் தாக்கும். உங்கள் மகனுக்கு நடந்தது வேறு. வைரஸை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, குறி தவறி, மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கிவிட்டது. வீட்டில் மற்றவர்களுக்கு இது ஒட்டாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரே முறையோடு சரி. ரத்தத்தில், நரம்பு மேலுறையைக் குறிவைக்கும் 'மாக்' (MOG) எதிர்ப்பொருள் நீடிக்கும் சிலருக்குத் திரும்ப வரலாம். அந்தச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கண் மங்கல், கண்ணை அசைத்தால் வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு, வலிப்பு, அளவுமீறிய தூக்கம் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

பள்ளியிலோ தெருவிலோ யாருக்காவது அம்மை போட்டிருந்து இவன் பக்கத்தில் இருந்திருந்தால், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். வேப்பிலை கட்டிக் காத்திருக்கும் சமயம் இதுவல்ல. ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை கடுமையாகலாம். தட்டம்மை போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகளை மருந்து முடிந்து குறைந்தது ஒரு மாதம் தள்ளிப்போடுவது வழக்கம்.

நாய்க்கடி ஊசி உயிர்க்கிருமி ஊசி அல்ல, அதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த ஊசியால் மூளை வீங்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அது வெறும் கதையல்ல. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசி, ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது, சிலருக்கு இதே நோயை உண்டாக்கியது. இன்றைய ஊசியில் மூளைத் திசு கிடையாது. கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போடுங்கள். ஸ்டீராய்டு எடுப்பதையும் அங்கே சொல்லிவிடுங்கள்.