வேலையும் வேலும்: கேள்வி பதில்

1984இல் சென்னையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கச் சேர்ந்தேன். பிறகு டிடிபி (கணினியில் பக்கம் கோப்பது), மெய்ப்பு (அச்சுப்பிழை திருத்துவது), இப்போது இயந்திர மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது. ஏஐ காலத்தில் எதைக் கற்பது என்று கேளுங்கள். ஜோசியம் கேட்காதீர்கள்.

ஈரோட்டில் டிடிபி மையம் வைத்திருக்கிறேன், வயது 47. பத்திரிகை அடிக்கும் வேலைகூடக் குறைந்துவிட்டது. இனி எதைக் கற்பது, ஐயா?

உங்கள் கணினியிலேயே பாடம் இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கிலக் குப்பையாக விழும். பதிப்பகங்களிலும் கல்லூரிகளிலும் இப்படிக் குவிந்து கிடக்கிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசம். மாற்றியதைச் சரிபார்க்கத்தான் ஆள் வேண்டும்.

எங்கே பார்ப்பது? ‘அவர்’ என்ற சொல்லில் ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் உட்கார்ந்திருக்கும்: ‘அவா்’. ‘எழுத்து’ என்பதில் எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு: ‘௭ழுத்து’. ‘ஔவை’யில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கும். திரையில் இவை இரட்டைப் பிள்ளைகள், கணினிக்கோ வேறு வேறு குறிகள். தேடுபவருக்கு அந்தக் கட்டுரை அகப்படவே அகப்படாது. ஒரு கோப்பில் தொடங்குங்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை. இயந்திர வரைவைத் தந்து பாதிக் கூலிக்குத் திருத்தச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

சொல் கணக்கில் வேண்டாம், மணிக் கணக்கில் கேளுங்கள். சென்ற மாதம் எனக்கு வந்த வரைவில் ‘பத்து லட்சம் பேர்’ என்று இருந்தது. மூலத்தில் பத்து மில்லியன், அதாவது ஒரு கோடி. வாக்கியத்தில் ஒரு நெருடலும் இல்லை. முன்பெல்லாம் தப்பான வாக்கியம் கரடுமுரடாக நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். இப்போது தப்பும் வழவழப்பாக வருகிறது. மூலத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி எழுத்தர். என் வேலை போய்விடுமா?

வங்கி எனக்குத் தெரியாத துறை. உள்ளே இருப்பவரைக் கேளுங்கள்.

அறுபதாயிரம் கட்டினால் மூன்றே மாதத்தில் ‘ஏஐ நிபுணர்’ ஆக்குகிறார்களாம். மகளைச் சேர்க்கலாமா?

வேண்டாம், அம்மா. ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல், ஸ்வயம் என்ற அரசு இணையப் பாடத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். முதலில் அதில் ஒன்றை முடிக்கிறாரா என்று பாருங்கள்.

பொறியாளர், பெங்களூரு. ஒற்றுப்பிழையை ஏஐ திருத்திவிடுகிறதே, இன்னும் புணர்ச்சி விதி படிக்க வேண்டுமா?

‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கிறீர்கள். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறீர்கள். ஒரு ‘க்’ செய்யும் வேலை அது.

அதையே ஏஐயிடம் கொடுத்துச் சோதித்தேன். சூழலைப் பார்த்துச் சரியாகவே எழுதியது!

சரி என்று எப்படிக் கண்டுகொண்டீர்கள்? ஒரு நிமிடத்துக்கு முன் நான் சொல்லியிருந்தேன். நான் சொல்லாத நூறு இடங்களில் என்ன செய்வீர்கள்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், யாழ்ப்பாணம். உங்கள் விளக்கம் அரைகுறை. பணியைக் குறிக்கும் சொல்லிலும் ‘ஐ’ உருபு விரிந்தால் ‘வேலையைக் கொடு’ என்று ஒற்று மிகும். உருபு மறைந்ததால்தான் மிகவில்லை.

உண்மை, ஐயா. ‘ஐ’ மறைந்த இரண்டாம் வேற்றுமைத் தொகையில் மிகாது, வெளிப்பட்ட விரியில் மிகும். ‘வேலைக் கொடு’ என்பதில் வேலுக்குப் பின் ‘ஐ’ வெளிப்பட்டு நிற்கிறது. காரணத்தைச் சொல்லாமல் எடுத்துக்காட்டை மட்டும் வீசியது என் பிழை.

பெங்களூரு மீண்டும். அப்படியானால் ஏஐயும் எடுத்துக்காட்டுகளைப் பார்த்தே கற்கிறது. உங்களுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

என் பிழைக்கு என் கூலியில் பிடிப்பார்கள், தம்பி. அடுத்த கேள்வி.

கணக்கர். என் வேலை போய்விடுமா?

வங்கி எழுத்தருக்குச் சொன்னதுதான்.

தமிழுக்கு எந்த ஏஐ சிறந்தது?

மாதத்துக்கு மாதம் மாறுகிறது. எதுவானாலும் மூலத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை. என் வேலை...

அம்மா, மன்னிக்கவும். இன்று மூன்றாவது முறை.

ஈரோடு மீண்டும். பழைய கோயில் விழா மலர் ஒன்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ‘அவர்’ என்று தேடினேன். பக்கம் முழுக்க அவர் இருக்கிறார், தேடலில் ஒருவரும் இல்லை!

அசலுக்கு முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்துத் தேடி ‘ர்’ ஆக்குங்கள். எத்தனை மாறின என்று எனக்கும் சொல்லுங்கள்.