ஏபிஎன் எடுக்கச் சொன்னா தலையாட்டாதே

திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி மனநல வார்டுல வேலை பாத்த தம்பி ஒருத்தன், மெல்போர்னுக்குப் படிக்க வாரானாம். "அண்ணாச்சி, என்டிஐஎஸ் காசுல மனநல நிறுவனங்கள்ல வேலை குவிஞ்சு கிடக்காமே, சேரலாமா? வாடகை, சாப்பாடு எப்படி?"ன்னு கேட்டிருக்கான். என்டிஐஎஸ்ன்னா ஆஸ்திரேலிய அரசாங்கத்தோட மாற்றுத்திறனாளி உதவித் திட்டம்.

சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, பொன்னி அரிசியே கிடைக்கு. வாடகையை வந்து பாத்துக்கோ. வேலைக்கு வருவோம்.

நான் வந்த புதுசுல அரசாங்கம் நிறுவனத்துக்கு மொத்தமா ஒரு தொகை கொடுக்கும், மணிக்கணக்கு பாக்க வேண்டாம். கதவையே திறக்காத நோயாளி ஒருத்தன். ஒரு குளிர்காலம் பூரா அவன் வாசப்படியில உக்காந்து ஜன்னல் வழியா ஃபுட்டி, அதான் இங்கத்த கால்பந்து, பேசுவேன். காலிங்வுட் டீமைத் திட்டினாத்தான் பதில் வரும். இன்னைக்கு இங்கயே பொறந்தவனுக்கு நான் ஃபுட்டி சொல்லிக்கொடுப்பேன், அது வேற.

2013ல என்டிஐஎஸ் சோதனையா ஆரம்பிச்சு, 2016ல நாடு முழுக்கப் பரவ ஆரம்பிச்சுது. இப்போ காசு நோயாளி பேருல பிளானா வருது. நிறுவனம் மணிக்கணக்குப் போட்டு பில் அனுப்பணும். ரேட்டுக்கு உச்சவரம்பு உண்டு. மீட்டிங்குக்கும் பயிற்சிக்கும், சீனியர் கூட இருந்து பழக்கிவிடுததுக்கும் பெரும்பாலும் தனியா பில் போட முடியாது. அப்போ எதைக் குறைப்பாவ? அதைத்தான். புதுசா வந்தவனைத் தனியா அனுப்பிருவாவ. மனநோய் ஏறும், இறங்கும். திட்டமோ குறைபாடு நிரந்தரமான்னு கேக்கு. பிளான் கிடைக்காதவன் பாடு திண்டாட்டம். செலவு வளர்ச்சியை வருஷத்துக்கு 8 சதவீதமாக் குறைக்கணும்னு 2023லயே இலக்கு வச்சிட்டாவ, 2024 அக்டோபர்ல புதுச் சட்டமும் வந்துட்டு. ஒருத்தர் பிளான்ல மணி நேரம் குறைஞ்சா, போறது உன் ஷிஃப்ட்டுதான்.

இதுல கம்பெனி வச்சிருக்க நம்மாளுவ தனி ரகம். 'ஏபிஎன் எடு தம்பி, கைநிறையக் காசு'ம்பான். ஏபிஎன்னா தொழில் பதிவு எண், அதாவது நீ அவன் வேலையாள் இல்ல, தனியாத் தொழில் பண்ணுதவன்னு கணக்கு. எடுத்தா ஓய்வுக்காலத்துக்கு முதலாளி போடுத சூப்பர் பணம் பெரும்பாலும் போட மாட்டாவ, லீவு கிடையாது, நோயாளி தள்ளிவிட்டு முதுகு போனா இன்சூரன்ஸும் உன் தலையிலதான். படிக்க வந்தவனுக்கு காலேஜ் நடக்கும்போது ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். அதைத் தாண்டச் சொல்லுதவனுக்கும் தண்டனை உண்டுதான், ஆனா விசா உன்னோடது. சம்பளச்சீட்டு கொடுக்குத இடமாப் பாரு. உனக்கு மேல யாரு, எத்தனை நாளைக்கு ஒருக்க கூட உக்காந்து பேசுவாவன்னு இன்டர்வியூலயே கேளு.

நான் ஜூன் மாசக் குளிர்ல மெல்லிசுச் சட்டையோட வந்து இறங்கினேன். அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருத்தர் நம்பர் கையில. அடிச்சு அடிச்சுப் பாத்தேன், எடுக்கவே இல்ல. இப்போ அவரும் கம்பெனி வச்சிருக்காரு. கோயில்ல பாத்தா, "நீ என்கிட்ட வந்திருக்கலாமேப்பா"ங்காரு.