பார்வைக்கு ஊழியம்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 38. சென்ற மாதம் நடந்த கன்வென்ஷன் கூட்டத்தில் என்னை முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன். வாரத்தில் ஆறு நாளும் துணியோடு போய்விடுகிறது. ஆண்டவருக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. ஷிப்மெண்ட் நெருங்கினால் பார்க்காத பீஸ்களுக்கும் பார்த்ததாகக் கையெழுத்துப் போடவேண்டியிருக்கிறது. உலக வேலை என்றால் அப்படித்தானே? மிஷனரி வில்லியம் கேரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்தானே? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் சொல்லி மனைவி தடுக்கிறாள். வேலையை விடுவதா, காத்திருப்பதா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, இப்போதைக்கு விடவேண்டாம் என்பதே என் கருத்து. பள்ளிக் கட்டணமும் ஒரு நியாயமான காரணம்தான் என்றாலும், நான் அதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்தக் கையெழுத்து வரியை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை.

முதலில் கேரியின் கதையை முடித்துவிடுகிறேன். 1793இல் வங்காளத்தில் வந்திறங்கிய அவர் பணமில்லாமல் தவித்து, மறு ஆண்டே முட்னாபட்டியில் ஓர் அவுரித் தொழிற்சாலையின் மேலாளராக வேலைக்குச் சேர்ந்தார். சாயத் தொழில் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரரான உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டேதான் வங்காள மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். பிறகு 1801 முதல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழி கற்பித்து, அந்தச் சம்பளத்தின் பெரும்பகுதியைச் சேராம்பூர் ஊழியத்துக்குக் கொடுத்தார். மேடைகளில் அவருடைய கப்பல் பயணத்தைச் சொல்லுகிற அளவுக்கு அவருடைய சம்பளத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

இனி 'ஊழியம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். நம்மிடையே அது பிரசங்கம், ஜெபக்கூட்டம், கிராமப் பயணம் ஆகியவற்றுக்கு மட்டுமே உரிய சொல்லாகச் சுருங்கிவிட்டது. அப்போஸ்தலன் பவுல் எழுதிய கொலோசெயர் நிருபத்தில் 3ஆம் அதிகாரம் 22ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். 'பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்' என்று பவுல் எழுதுவது போதகருக்கு அன்று, வீட்டு வேலைக்காரருக்கு. மூல மொழியில் அது அடிமைகளைக் குறிக்கும் சொல். தண்ணீர் சுமந்து, மாவு அரைத்து, எஜமானின் துணி துவைத்தவர்களுடைய அன்றாட வேலையையே நம்முடைய தமிழ் வேதாகமம் ஊழியம் என்று சொல்கிறது. நாம் சுவரில் மாட்டிவைத்திருக்கும் 'கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்' என்ற வசனமும் அதைத் தொடர்ந்தே வருகிறது. அதுவும் அதே அடிமைகளுக்குச் சொல்லப்பட்டதே. விலகிப்போகும் உரிமைகூட இல்லாதவர்களிடம், நீங்கள் செய்வது ஆண்டவருக்கு ஊழியம் என்று சொல்வதற்குப் பவுலுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

'பார்வைக்கு' என்ற அந்தச் சொல்லில்தான் உங்கள் கையெழுத்து வந்து நிற்கிறது. சரக்கு வாங்கும் பையரின் ஆள் பார்க்கும் பெட்டியில் நல்ல பீஸையும், பார்க்காத பெட்டியில் மீதியையும் வைத்து, எல்லாவற்றையும் பார்த்ததாகப் படிவத்தை நிரப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் வைக்க முடியாது. உலக வேலை என்றால் இப்படித்தான் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வேலை அப்படியில்லை, சகோதரரே. அந்தக் கையெழுத்து மட்டுமே அப்படி. அதை அப்படியே விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனீர்களானால், நாளை ஞானஸ்நானக் கணக்கும் காணிக்கைக் கணக்கும் எழுதும்போது அதே கைதான் எழுதும்.

குற்றஞ்சாட்டும் இடத்தில் நின்று இதை எழுதவில்லை. நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்கான குறிப்புகளைப் பேரேட்டுக்கு அடியில் மறைத்துவைத்து அலுவலக நேரத்தில் எழுதுவேன். மாதக் கடைசியில் என் கணக்கு இடிக்கும். பக்கத்து மேசைக்காரர் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து அதையும் சேர்த்து முடிப்பார். அவர் கிறிஸ்தவர் அல்லர். அவருக்கு ஒருநாள் துண்டுப்பிரதி கொடுத்தேன். மரியாதையாக வாங்கி, மடித்து, என் பேரேட்டிலேயே பக்க அடையாளமாக வைத்துவிட்டுப் போனார்.

உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான ஒருத்தி வேதத்தில் இருக்கிறாள். அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் வரும் யோப்பா பட்டணத்துத் தொற்காள். அவளைச் 'சீஷி' என்று வேதம் சொல்கிறது. புதிய ஏற்பாட்டில் அந்தப் பெண்பாற்சொல் வருகிற ஒரே இடம் அது. அவள் பிரசங்கித்ததாக ஒரு வரியும் இல்லை. அவள் இறந்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுது, அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் அவருக்குக் காட்டினார்கள். அவற்றில் ஒன்றை விளக்கடியில் பிரித்துப் போட்டு, தோள் தையலை இழுத்துப் பார்த்து, குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டும் உங்கள் கையை நினைத்துப் பாருங்கள். முகம் தெரியாத யாரோ ஒருவர் போட்டுக்கொள்ளப்போகும் உடுப்பை அக்கறையோடு பார்க்கிற வேலை அது.

என்ன செய்யலாம் என்றால், அடுத்த ஷிப்மெண்டுக்கு மூன்று நாள் முன்னதாகவே மேனேஜரிடம் சென்று, இன்ன நேரத்துக்குள் பீஸ் என் மேசைக்கு வந்தால்தான் முழுவதையும் பார்க்க முடியும் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அப்படியும் வராவிட்டால், பார்த்த எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அவர் சத்தம்போடக்கூடும், வேலைக்கே ஆபத்து வரவும் கூடும். ஆகவே இதை உங்கள் மனைவியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர்கள் உங்கள் அழைப்புக்கு எதிரி அல்லர். வீட்டுக் கணக்கு தெரிந்தவர்கள். உங்கள் கீழே வேலை செய்யும் பெண்கள் ஒன்றரை ஷிப்ட் நின்றால், அது ஒன்றரையாகவே பதிவாகிறதா என்பதையும் பாருங்கள். வேலைக்காரருக்கு நீதியானதைச் செய்யச் சொல்லும் கொலோசெயர் 4ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் எஜமான்களுக்கு எழுதப்பட்டது என்றாலும் சூப்பர்வைசருக்கும் அதில் பங்குண்டு.

முழுநேர அழைப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்டவர் அழைத்ததும் லேவி, வரி வசூலிக்கும் ஆயத்துறையை விட்டு எழுந்துபோனான். அதே தொழில் செய்த சகேயுவிடம் ஆண்டவர் அதை விடச் சொன்னதாக எழுதப்படவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாக அவனே சொன்னான். நீங்கள் லேவியா, சகேயுவா என்பதை ஒரு கன்வென்ஷன் இரவை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. மனைவியையும் அழைத்துக்கொண்டு உங்கள் ஆயரிடம் போய்ப் பேசுங்கள், ஓராண்டு பொறுத்திருங்கள். அதற்கிடையில், அடுத்த ஷிப்மெண்ட் போனதும், அந்தப் படிவத்தில் எந்த எண்ணை எழுதினீர்கள் என்பதை மட்டும் எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.